இண்டியானாபொலிஸ் 2005: இருபது கார்கள் வந்தன, ஆறு மட்டும் ஓடின

கோயம்புத்தூர் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எடுத்த ஐந்து புள்ளிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், “ஆறு கார் மட்டும் ஓடிய பந்தயம்தானே அது?” என்று கேட்டுவிடுகிறார். ஆம், அதே பந்தயம்தான். 2005 ஜூன் 17 முதல் 19 வரையிலான அந்த மூன்று நாட்களில் என்ன நடந்தது என்பது முழுவதும் தெரிந்தால் அந்தக் கேள்வியின் தொனி மாறும் என்று நம்புகிறேன். அந்த இரவைத் தொலைக்காட்சியின் முன் கழித்தவன் நான். பிறகு வந்த இளைய ரசிகர்கள் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

அன்று என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வேயில், அந்த ஆண்டின் ஒன்பதாவது பந்தயமான அமெரிக்க கிராண்ட் பிரீ நடக்கவிருந்தது. பத்து அணிகள், இருபது கார்கள். ஏழு அணிகள் மிஷெலின் டயரிலும், ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகள் பிரிட்ஜ்ஸ்டோன் டயரிலும் ஓடின. மிஷெலின் டயர்கள் அந்த ஓடுதளத்தின் ஒரு வளைவைத் தாங்காது என்று வெள்ளிக்கிழமை தெரியவந்தது. தீர்வு தேடிச் சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும் பேச்சுவார்த்தை நடந்தது. உடன்பாடு வரவில்லை. பந்தயத்திற்கு முந்தைய சுற்றை இருபது கார்களும் ஓட்டி முடித்தன. அதன் முடிவில் மிஷெலின் டயர் பூட்டிய பதினான்கு கார்களும் வரிசையாக, அணிகளின் பணிமனைகள் இருக்கும் பிட் பாதைக்குள் திரும்பிவிட்டன. எஞ்சிய ஆறு கார்கள் 73 சுற்றுகள் ஓடின.

அந்த வளைவில் அப்படி என்ன சிக்கல்?

இண்டியானாபொலிஸ் 1909இல் தொடங்கப்பட்ட நீள்வட்ட ஓடுதளம். ஃபார்முலா ஒன்னுக்காக உள்ளே புதிய பாதை அமைத்து, நீள்வட்டத்தின் ஒரு பகுதியையும் அதனோடு இணைத்திருந்தார்கள். அப்படி இணைந்த பகுதிதான் 13ஆம் வளைவு. புகழ்பெற்ற இண்டி 500 பந்தயத்தில் அது முதல் வளைவு. ஃபார்முலா ஒன் கார்கள் அதை எதிர்த்திசையில் கடக்கும்.

மற்ற ஃபார்முலா ஒன் ஓடுதளங்களின் வளைவுகள் பெரும்பாலும் தட்டையானவை. இதுவோ ஒன்பது டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கும். சாய்வு இருப்பதால் ஓட்டுநர் காலைத் தளர்த்தாமல் முழு வேகத்தில் வலப்பக்கம் திரும்ப முடியும். அப்போது காரின் எடை, காற்று அழுத்தும் விசை, சாய்வினால் கூடும் சுமை எல்லாம் சேர்ந்து இடப்பக்கப் பின் டயரின் மேல் இறங்கும். அதே பளுவோடுதான் கார் நீண்ட நேர்கோட்டுக்குள் நுழையும். அங்கே டயர் கிழிந்தால் ஓட்டுநர் செய்வதற்கு எதுவும் இல்லை. எதிரே இருப்பது கான்கிரீட் சுவர்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பயிற்சியில் டொயோட்டா ஓட்டுநர் ரால்ஃப் ஷூமேக்கருக்கு அதுதான் நேர்ந்தது. 2004ஆம் ஆண்டுப் பந்தயத்திலும் ரால்ஃப் இதே வளைவில்தான் சுவரில் மோதினார். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு ஆறு பந்தயங்களில் ஓட முடியாமல் போனவர் அவர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதே இடத்தில், அதே சுவர். இந்த முறை பெரிய காயம் இல்லை என்றாலும் அவர் மேற்கொண்டு ஓட்டவில்லை. அதே அணியின் மூன்றாம் ஓட்டுநர் ரிக்கார்டோ சோன்டாவின் டயரும் அன்றே பழுதானது. தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் ரால்ஃபுக்குப் பதிலாக இறங்கியவரும் சோன்டாதான்.

டயர் சரியில்லை என்றால் வேறு டயர் மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

இந்தக் கதையின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. 2005இல் மட்டும் ஒரு வினோதமான விதி நடைமுறையில் இருந்தது. தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகுதி டயர்தான். பஞ்சர், சேதம், மழை போன்ற காரணம் இருந்தாலொழிய இடையில் மாற்றக் கூடாது. செலவையும் வேகத்தையும் குறைக்க வந்த விதி, டயரைத் தேய்ந்து நைந்து போகும்வரை ஓட வைத்தது. பழைய விதி இருந்திருந்தால், சில சுற்றுகளுக்கு ஒருமுறை டயர் மாற்றி எப்படியோ பந்தயத்தை ஓட்டி முடித்திருப்பார்கள்.

பிரான்சின் கிளெர்மோன் ஃபெரானில் உள்ள தலைமையகத்திலிருந்து வேறு வகை டயர்களை மிஷெலின் விமானத்தில் வரவழைத்தது. சோதித்துப் பார்த்ததில் அவற்றிலும் அதே குறை இருப்பது தெரிந்தது. 13ஆம் வளைவில் வேகம் குறைக்கப்படாவிட்டால் இந்த டயர்கள் பத்துச் சுற்றுகளுக்கு மேல் பாதுகாப்பானவை அல்ல என்று அந்நிறுவனமே எழுத்தில் தெரிவித்தது. பந்தயமோ 73 சுற்றுகள்.

பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

ஓடுதளத்தின் மேற்பரப்பு புதிதாகச் செப்பனிடப்பட்டு, பிடிப்புக்காக இழைக்கப்பட்டிருந்தது. அந்தப் பரப்பு டயரை முன்பைவிட அதிகமாகப் பதம்பார்த்தது. இண்டி 500 பந்தயத்துக்கு டயர் வழங்கிய ஃபயர்ஸ்டோன், பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தமான நிறுவனம். மே மாதத்தில் அங்கு கிடைத்த அனுபவம் ஜூனில் கைகொடுத்தது என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமான விளக்கமாகவே படுகிறது.

சிகேன் ஒன்று அமைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்காதா?

சிகேன் என்பது வேகத்தை மட்டுப்படுத்துவதற்காகப் பாதையின் குறுக்கே இடவலமாக அமைக்கும் நெளிவு. 13ஆம் வளைவுக்கு முன்னால் ஒன்றை வைத்துவிட்டால் கார்கள் மெதுவாக வளைவில் நுழையும், டயர் பிழைக்கும். பத்தில் ஒன்பது அணிகள் இதற்கு ஒப்புக்கொண்டன. ஒப்பாத ஒன்று ஃபெராரி. இது விதிகளை வகுக்கும் அமைப்பும் மிஷெலின் அணிகளும் பேசித் தீர்க்க வேண்டியது, தங்களுக்கு இதில் வேலை இல்லை என்பது ஃபெராரி அணித் தலைவர் ழான் டோட்டின் நிலை.

முடிவெடுக்கும் அதிகாரம் எஃப்.ஐ.ஏ. எனப்படும் பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பிடம் இருந்தது. அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி அன்று இண்டியானாபொலிஸில் இல்லை. பந்தய இயக்குநர் சார்லி வைட்டிங் மிஷெலினின் வேண்டுகோளை மறுத்து எழுதினார். யாரும் ஓட்டிப் பார்க்காத நெளிவைப் பந்தய நாளன்று புகுத்துவது ஆபத்து என்பது ஒரு காரணம். சரியான டயரோடு வந்தவர்களைத் தண்டித்ததாகிவிடும் என்பது இன்னொன்று. இரண்டும் வலுவான வாதங்கள். அவற்றை நான் ஒதுக்கமாட்டேன்.

ஆனால் ஞாயிறு காலைக் கூட்டத்தில் அணிகள் இதற்கும் ஒரு வழி சொன்னதாக, மினார்டி அணியின் அப்போதைய உரிமையாளர் பால் ஸ்டாடார்ட் பின்னர் விரிவாக எழுதினார். பிரிட்ஜ்ஸ்டோன் கார்கள் முன்வரிசையில் நிற்கட்டும், மிஷெலின் அணிகள் புள்ளிகளே வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும், பார்வையாளருக்காகப் பந்தயம் மட்டும் நடக்கட்டும் என்பதுதான் அந்த வழி. ஃபார்முலா ஒன்னின் வணிகத் தலைவர் பெர்னி எக்கிள்ஸ்டோனும் அந்தப் பேச்சில் இருந்தார். பதில் மாறவில்லை. ஓடுதளத்தை மாற்றினால் எஃப்.ஐ.ஏ. தன் அலுவலர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பதுதான் ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தி என்கிறார் ஸ்டாடார்ட்.

அந்த வளைவில் மட்டும் மெதுவாக ஓட்டியிருக்கலாமே?

எஃப்.ஐ.ஏ.வும் இதைத்தான் சொன்னது. மிஷெலின் ஓட்டுநர்கள் 13ஆம் வளைவில் வேகத்தைக் குறைக்கட்டும், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் பிட் பாதை வழியாகப் போகட்டும், அல்லது சேதமடைந்த டயரை மாற்றிக்கொள்ளட்டும். காகிதத்தில் இவை வழிகள்தான். ஓடுதளத்தில் யோசித்துப் பாருங்கள். ஒரே வளைவில் ஆறு கார்கள் முழு வேகத்தில் பாய்கின்றன, பதினான்கு கார்கள் தயங்கித் தயங்கிப் போகின்றன. பின்னால் வருபவர் வேகத்தைக் கணிக்கத் தவறினால் டயர் வெடிப்பதைவிடப் பெரிய விபத்தாகிவிடும். போட்டி என்று வந்துவிட்டால், மெதுவாகப் போவதாகச் சொன்ன பதினான்கு பேரில் ஒருவர் மெல்ல வேகம் கூட்டுவார். அடுத்தவர் அவரைவிடக் கொஞ்சம் கூட்டுவார். பந்தய ஓட்டுநரின் மனம் அப்படிப்பட்டது. குறைபட்ட டயரோடு அந்தச் சோதனையை அவர்கள்மேல் சுமத்தியிருக்கக் கூடாது.

ஓடப்போவதில்லை என்றால் எதற்காக வரிசைக்கு வந்தார்கள்?

போட்டிக்குக் காரைக் கொண்டுவரும் ஒப்பந்தக் கடமை அணிகளுக்கு இருந்தது. முந்தைய சுற்றை ஓட்டியதால் அது நிறைவேறியது. கடைசி நிமிடத்தில் ஏதாவது மாற்றம் வரலாம் என்ற நம்பிக்கையும் சிலரிடம் இருந்திருக்கும்.

அதில் யார்னோ ட்ரூல்லியை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. சனிக்கிழமை தகுதிச் சுற்றில் அவர் முதலிடம் பிடித்தார். டொயோட்டா அணி ஃபார்முலா ஒன்னில் பெற்ற முதல் முதலிடம் அது. ஞாயிறன்று இருபது கார்களுக்கும் முன்னால், பந்தயத்தையே வழிநடத்திச் செல்பவர்போல அந்தச் சுற்றை ஓட்டிவந்து, அப்படியே பிட் பாதைக்குள் திரும்பினார். பின்னால் ரைக்கோனன், பட்டன், ஃபிசிகெல்லா, அலோன்சோ என்று ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

ஜோர்டானும் மினார்டியும் ஏன் ஓடின?

அவை பிரிட்ஜ்ஸ்டோன் அணிகள், அவற்றின் டயரில் குறை இல்லை. ஆயினும் மற்ற அணிகளுக்கு ஆதரவாக விலகிக்கொள்வது பற்றிய பேச்சு இருந்தது. ஜோர்டான் ஓடுவது என்று முடிவெடுத்தது. நேரடிப் போட்டியாளரான ஜோர்டான் ஓடும்போது தானும் ஓடாமல் இருக்க முடியாது என்று மினார்டியும் இறங்கியது. ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் நின்று, பணத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் அல்லாடிய இரண்டு சிறிய அணிகள் அவை. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன்.

பந்தயம் எப்படி இருந்தது?

தொடக்க விளக்குகள் அணைந்து பந்தயம் தொடங்கியபோது கண்ட காட்சியை மறக்க முடியாது. ஆறு பேரும் தகுதிச் சுற்றில் பெற்ற அவரவர் இடத்திலேயே நின்றார்கள். ஐந்தாம் இடத்தில் மைக்கேல் ஷூமேக்கர், ஏழாம் இடத்தில் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ. இரண்டு சிவப்பு ஃபெராரிகளுக்குப் பின்னால் வெறும் சாலை. அதற்கும் பின்னால் 17 முதல் 20 வரையிலான இடங்களில் ஜோர்டானும் மினார்டியும்.

இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கூடியிருந்தார்கள். முதலில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கூச்சல் எழுந்தது. பாட்டில்களும் பீர் டப்பாக்களும் ஓடுதளத்தில் வந்து விழுந்தன. பணத்தைத் திருப்பிக் கொடு என்று முழங்கினார்கள். பலர் பந்தயம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

ஓட்டத்தில் சொல்லும்படியான தருணம் ஒன்றுதான். ஷூமேக்கர் பிட் பாதையிலிருந்து வெளியே வரும்போது பாரிக்கெல்லோவோடு முதல் வளைவில் நெருங்க, பாரிக்கெல்லோ புல்வெளிக்குள் இறங்கித் தப்பினார். கடைசியில் ஷூமேக்கர் ஒன்றரை நொடி முன்னால் முடித்தார். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற அவருக்கு 2005 முழுவதிலும் கிடைத்த ஒரே வெற்றி அது. மூன்றாவது ஜோர்டானின் தியாகோ மான்டீரோ, நான்காவது அதே அணியின் நரேன் கார்த்திகேயன், ஐந்தும் ஆறும் மினார்டியின் கிறிஸ்டியான் ஆல்பர்ஸ், பாட்ரிக் ஃப்ரீசாக்கர். அப்போது முதல் எட்டுப் பேருக்குப் புள்ளி உண்டு. ஏழாம் எட்டாம் இடங்களுக்கான புள்ளிகளைப் பெற ஆளே இல்லை.

அப்படியானால் நரேனின் ஐந்து புள்ளிகள் இலவசமாகக் கிடைத்தவைதானே?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நான்காம் இடத்துக்கு ஐந்து புள்ளிகள் என்பது அன்றைய விதி. நரேன் அந்த விதியின்படி ஓடி முடித்தார். முன்னால் போகும் ஃபெராரி ஓட்டுநர் ஓட்டிய அதே சுவர் ஓரத்தில், அதே 13ஆம் வளைவில், வென்றவரைவிட ஒரே ஒரு சுற்று குறைவாக, 72 சுற்றுகள் ஓட்டினார். மக்கள் பாட்டில் எறிந்துகொண்டிருந்த ஓடுதளத்தில் கவனம் சிதறாமல் ஓட்டுவது இலேசான வேலை இல்லை. அவருக்குப் பின்னால் இரண்டு மினார்டிகளும் அதே புள்ளிகளுக்காகத்தான் ஓடின. கார் நின்றுபோயிருந்தால், சுவரில் உரசியிருந்தால், ஐந்து புள்ளிகளும் அவர்களில் ஒருவருக்குப் போயிருக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபார்முலா ஒன்னில் கார்தான் பாதிக்கு மேல். அந்த ஆண்டு ஜோர்டான் எடுத்த மொத்தப் புள்ளிகள் 12. அதில் 11 இண்டியானாபொலிஸில் கிடைத்தவை. அந்தக் காரைக் கொண்டு சாதாரண நாளில் புள்ளி எடுப்பது அரிது. மான்டீரோ பெல்ஜியத்தில் எட்டாவதாக வந்து எடுத்த ஒரு புள்ளிதான் மிச்சம். சிறிய அணி ஓட்டுநரின் திறமை பட்டியலில் தெரியாது. எப்போதாவது ஒரு கதவு திறக்கும். அப்போது தடுமாறாமல் உள்ளே நுழைய அவர் தயாராக இருக்க வேண்டும்.

நரேன் அந்தக் கதவு வரை வந்த தூரத்தையும் பாருங்கள். கோயம்புத்தூர்க்காரர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் கார் ராலியில் தேசிய சாம்பியனாக இருந்தவர். தாமே பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதன் வாழ்ந்த ஊர் அது. அவர் பெயரில்தான் இன்று செட்டிப்பாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டத் தொடங்கி, பிரான்சில் பயிற்சி பெற்று, 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்று, பிரிட்டனில் ஃபார்முலா மூன்று பந்தயங்களில் வெற்றி கண்டு, 2001இல் ஜாகுவார் அணிக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டினார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியது அதுவே முதல்முறை. 2005 மார்ச்சில் மெல்போர்னில் பந்தயத்தில் இறங்கினார். மூன்று மாதம் கழித்து இந்தப் புள்ளிகள். பின்னர் 2010இல் சென்னையின் கருண் சந்தோக் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார், அவருக்குப் புள்ளி கிடைக்கவில்லை. இந்தியர் எடுத்த ஃபார்முலா ஒன் புள்ளிகள் என்றால் அந்த ஐந்து மட்டும்தான்.

இந்தியாவில் நள்ளிரவையொட்டிய நேரம் அது. நம் ஊர்ப் பையன் நான்காவதாக வருகிறான், திரையில் கூட்டம் கூச்சலிடுகிறது. கைதட்டுவதா, தலைகுனிவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்று கேட்டால் கைதட்டியிருக்க வேண்டும் என்பேன்.

டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணம் கிடைத்ததா?

கிடைத்தது. டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒன்பது நாட்களில் மிஷெலின் அறிவித்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளை வாங்கி, 2005இல் வந்தவர்களுக்கு வழங்கவும் முன்வந்தது. அந்தப் பந்தயத்தின் பார்வையாளரை நினைத்து யாரேனும் உருப்படியாகச் செய்த காரியம் இதுதான்.

அணிகள் தண்டிக்கப்பட்டனவா?

ஜூன் 29 அன்று எஃப்.ஐ.ஏ.வின் உலக மோட்டார் விளையாட்டுக் குழு விசாரித்தது. ஐந்து குற்றச்சாட்டுகளில் இரண்டில் ஏழு அணிகளும் குற்றவாளிகள் என்றது. பொருத்தமான டயரோடு வராதது ஒன்று, கார்களைத் தொடங்க விடாதது மற்றொன்று. ஜூலையில் அந்தத் தீர்ப்பும் நீக்கப்பட்டது.

உங்கள் பார்வையில் யார் தவறு?

முதல் தவறு மிஷெலினுடையது. 2004இலேயே அந்த வளைவு எச்சரித்திருந்தும் போதிய டயர் இல்லாமல் வந்தார்கள். ஆனால் குறை தெரிந்ததும் மறைக்காமல், எங்கள் டயர் பாதுகாப்பானதல்ல என்று ஊரறியச் சொன்னார்கள். வணிக நிறுவனம் ஒன்று அப்படிச் சொல்வது சுலபமல்ல. அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஓட்டுநரை அனுப்பியிருந்தால் அதுதான் குற்றம். பதினான்கு கார்கள் திரும்பியது சரி.

பெரிய தவறு அதன் பிறகு நடந்தது. விதியைக் காப்பதும் பந்தயத்தைக் காப்பதும் வேறு வேறு வேலைகள். எஃப்.ஐ.ஏ. முதலாவதை மட்டும் செய்தது. புள்ளிகள் இல்லாத பந்தயம் ஒன்றை அனுமதித்திருந்தால் யாருக்கும் அநீதி இல்லை. நரேனுக்கு அந்த ஐந்து புள்ளிகள் கிடைத்திருக்காது. தெரிந்தே சொல்கிறேன், அதுதான் நியாயமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு என்ன மாறியது?

டயர் மாற்றத் தடை ஓர் ஆண்டோடு ஒழிந்தது, 2006இல் டயர் மாற்றம் திரும்ப வந்தது. அந்த ஆண்டின் முடிவில் மிஷெலின் ஃபார்முலா ஒன்னைவிட்டு வெளியேறியது. இண்டியானாபொலிஸில் 2007தான் கடைசி. அதன்பின் 2012இல் டெக்சாஸின் ஆஸ்டினில்தான் அமெரிக்க கிராண்ட் பிரீ மீண்டும் நடந்தது.

அந்தப் பந்தயப் பதிவு கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முந்தைய சுற்றின் கடைசி வளைவைப் பாருங்கள், ட்ரூல்லியின் கார் திரும்புமிடம். பிறகு பரிசு மேடைக்கு வந்துவிடுங்கள். ஷூமேக்கரும் பாரிக்கெல்லோவும் சிரிக்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டு விரைவாக இறங்கிவிடுவார்கள். மான்டீரோ மட்டும் நிற்பார். ஃபார்முலா ஒன் மேடை ஏறிய முதல் போர்த்துக்கீசியர் அவர். கீழே கூட்டம் கலைந்துகொண்டிருக்க, மேலே தனியாக ஷாம்பெயின் பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சுவார்.